பழைய எஞ்சினும் புதிய வலிமையும்



உழைத்துத் தேய்ந்த ஒரு பழைய எஞ்சினுக்குப் புதிய வலிமை ஊட்ட முடியுமா? முடியுமாயின், அதில் எதை மாற்ற வேண்டும்? எதைத் தொடாமல் விட வேண்டும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது பொழுதுபோக்கு வினா அன்று. களக்காட்டு வாழைத்தாரையும், அம்பாசமுத்திரத்து நெல்லையும், பத்தமடைப் பாயையும் சுமந்து செல்லும் பிக்கப் வண்டிகளுள் இருபது ஆண்டு கடந்தவை பல உண்டு. அத்தகைய வண்டி ஒன்று ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அதன் எஞ்சினில் செய்யும் மாற்றம் சரியாக அமைந்தால் குடும்பம் ஒரு படி உயரும். தவறினால் கடன் ஏறும்.

எஞ்சின்களைப் பற்றி மாணவர்க்குப் பாடம் சொல்லி வருபவன் நான். ஆகையால், "ஐயா, வண்டிக்கு எதைப் பூட்டினால் இழுவை கூடும்?" என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கு வலிமை சேர்ப்பது கடையில் பொருள் வாங்கும் செயல் அன்று. வலிமை எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்று தேடிக் கண்டறியும் செயல். தடையைக் கண்டவனுக்குச் சிறு செலவு பெரும் பயன் தரும். தடையைக் காணாதவனுக்குப் பெரும் செலவும் புகையாகவே போகும்.

எஞ்சினின் வலிமை எங்கிருந்து வருகிறது? எரிபொருளிலிருந்து என்று உடனே விடை சொல்வீர்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி காற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் என்று கணக்கிட்டால் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். அதனை எரிக்கும் காற்றை உள்ளே கொண்டுவருவதே அரிய வேலை. ஆகவே, எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை உறிஞ்சும் ஒரு பம்பு என்று நீங்கள் மனத்தில் கொள்ளுங்கள்.

1876-இல் ஜெர்மானியராகிய நிக்கோலஸ் ஓட்டோ வகுத்த நான்கு வீச்சு முறையிலேயே நம் வண்டிகளின் எஞ்சின்கள் இன்றும் இயங்குகின்றன. பிஸ்டன் முதல் வீச்சில் காற்றை உறிஞ்சுகிறது. இரண்டாவதில் அதனை அமுக்குகிறது. மூன்றாவதில் எரியும் வாயுவால் தள்ளப்பட்டு உழைக்கிறது. நான்காவதில் புகையை வெளியேற்றுகிறது. கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை மூச்சு வாங்கும். எனவே 2.2 லிட்டர் கொள்ளளவு உள்ள எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், கணக்குப்படி 2,200 லிட்டர் காற்றை உறிஞ்ச வேண்டும். உண்மையில் அவ்வளவு உறிஞ்சுவதில்லை. வழியில் வடிகட்டி இருக்கிறது, வளைந்த குழாய் இருக்கிறது, குறுகிய வால்வு இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிது தடுத்துவிடுகிறது.

நம் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களையும் நீங்கள் அறிவீர்கள். ஒரு கால்வாயின் கடைசி வயலுக்கு எவ்வளவு தண்ணீர் சேரும் என்பதை எது தீர்மானிக்கிறது? கால்வாயின் மிக அகன்ற இடமா? அன்று. மிக ஒடுங்கிய இடமே தீர்மானிக்கிறது. மடை தூர்ந்து கிடக்கும்போது வயலின் வரப்பை உயர்த்தியவனுக்கு ஒரு பயனும் இல்லை. எஞ்சினும் அப்படித்தான். ஒடுங்கிய இடம் வடிகட்டியாக இருக்கும்போது பெரிய புகைக்குழாய் வாங்கிப் பூட்டினால் ஓசை பெருகுமே தவிர இழுவை பெருகாது.

பழைய எஞ்சின் ஒன்றை முறையாக வலுப்படுத்திய வரலாறு ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். அந்த எஞ்சின் நம் நாட்டுச் சாலைகளுக்கும் உரியது. 1920-களில் அமெரிக்காவில் வில்லிஸ்-ஓவர்லாண்டு நிறுவனம் விப்பெட் என்ற சிறிய காரை விற்றது. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் 2.2 லிட்டர் அளவினது. அதன் ஆற்றல் 50 குதிரைச் சக்திக்கும் குறைவு; முழு வேகத்தில் நெடுநேரம் ஓடினால் அது தாங்காது. 1938-இல் அந்நிறுவனத்துக்கு வந்த டெல்மர் ரூஸ் என்ற பொறியியலாளர் அதனைத் தூக்கி எறியவில்லை. புதிய எஞ்சின் ஒன்றை வடிப்பதற்கு வேண்டிய பணம் நிறுவனத்திடம் இல்லை. ஆகவே இருக்கும் எஞ்சினில் எது முதலில் தளர்கிறது என்று அவர் ஆராய்ந்தார். பாகங்களை நுட்பமான அளவோடு பொருத்தினார். உறுதி மிக்க உலோகக் கலவைகளைப் பயன்படுத்தினார். அலுமினியப் பிஸ்டன்களைச் சேர்த்தார். அதாவது, முதலில் எஞ்சினைத் தாங்கக்கூடியது ஆக்கினார். அதன் பிறகே வேகத்தைக் கூட்டினார். அதே அளவுடைய எஞ்சின் 60 குதிரைச் சக்தி தந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜீப் வண்டியை ஓட்டியது அந்த எஞ்சினே.

அதன் வரலாறு அத்துடன் முடியவில்லை. அந்த எஞ்சினில் உள்வாங்கும் வால்வும் வெளிவிடும் வால்வும் சிலிண்டரின் பக்கத்திலேயே இருந்தன. காற்று கீழிருந்து மேலேறி, திரும்பி, வளைந்து உள்ளே போக வேண்டும். 1950-இல் வில்லிஸ் நிறுவனத்தார் உள்வாங்கும் வால்வை மட்டும் சிலிண்டரின் தலைக்கு மேல் கொண்டுபோய் வைத்தனர். அதனால் பெரிய வால்வு வைக்கவும் இடம் கிடைத்தது. அமுக்க விகிதமும் சுமார் 6.5-இலிருந்து 6.9 ஆயிற்று. சிலிண்டரின் விட்டமோ பிஸ்டனின் வீச்சோ மாறவில்லை. ஆயினும் 60 குதிரைச் சக்தி 72 ஆயிற்று. ஹரிக்கேன் எனப் பெயர் பெற்ற இந்த எஞ்சின் பூட்டிய ஜீப்புகளையே நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் பல ஆண்டுகள் விற்றது. அரசு அலுவலர்களையும் தோட்டக்காரர்களையும் சுமந்து நாடெங்கும் ஓடியவை அவை.

இந்த எண்களை இன்னும் சற்று உற்றுப் பாருங்கள். குதிரைச் சக்தி 60-இலிருந்து 72-க்கு, அதாவது 20 விழுக்காடு கூடியது. ஆனால் எஞ்சினின் முறுக்கு விசை சுமார் 14.5 கிலோகிராம்-மீட்டரிலிருந்து 15.8 ஆகத்தான் உயர்ந்தது. அது 9 விழுக்காடே. ஏன் இந்த வேறுபாடு? முறுக்கு விசை என்பது கிராங்க் தண்டைத் திருகும் வலு. குதிரைச் சக்தி என்பது அந்த வலுவைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வருவது. அகன்ற வால்வின் நன்மை, எஞ்சின் விரைந்து சுழன்று நிறையக் காற்றைக் கேட்கும்போதே மிகுதியாகத் தெரியும். மெதுவாகச் சுழலும்போது பழைய வால்வே ஏறக்குறையப் போதுமானதாக இருந்தது. விளம்பரத் தாளில் குதிரைச் சக்தியைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். சுமை ஏற்றி மேடு ஏறுபவனோ, குறைந்த சுழற்சியில் முறுக்கு விசை எவ்வளவு என்றே கேட்க வேண்டும்.

சுமை வண்டிக்கு உண்மையில் எவ்வளவு சக்தி வேண்டும்? நாமே கணக்கிடலாம். வண்டியும் சரக்கும் சேர்ந்து 2,500 கிலோ என்று கொள்வோம். 12 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் உயரும் சரிவில் அது ஏறுகிறது. பூமியின் ஈர்ப்பு அதனை 208 கிலோ எடையளவு விசையோடு பின்னோக்கி இழுக்கும். டயர் உருள்வதால் ஏற்படும் தடைக்கு மேலும் 37 கிலோ சேர்ப்போம். மொத்தம் 245 கிலோ. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் 18 குதிரைச் சக்தி போதும். அதே சரிவில் 40 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்றால் 36 தேவை. ஆகவே, 60 குதிரைச் சக்தி எஞ்சினுள்ள வண்டி இந்த மேட்டில் திணறுகிறது என்றால், எஞ்சின் தன் பழைய வலிமையை இழந்திருக்கிறது, அல்லது தவறான கியரில் ஓடுகிறது, அல்லது அதன் முதுகில் அளவுக்கு மீறிய பாரம் இருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கியரைப் பற்றி ஒரு சொல். கியர் என்பது நெம்புகோலே. கடப்பாரையின் நீண்ட பக்கத்தைப் பிடித்தால் சிறு கையும் பெரும் பாறையை அசைக்கும் அல்லவா? எஞ்சினின் முறுக்கு விசையைக் கியர் பெட்டியும் பின் அச்சுப் பல்சக்கரமும் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. அந்த நெம்புகோலின் கடைசி உறுப்பு டயர். அழகுக்காகப் பத்து விழுக்காடு பெரிய டயரைப் பூட்டினால், சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்துவிடும். இப்படிக் காசு கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொண்டு, பிறகு இழுவை குறைந்தது என்று மேலும் காசு செலவிடுவோர் உண்டு.

இனி, நான் அறிந்த ஓர் இளைஞரின் அனுபவத்தைச் சொல்கிறேன். களக்காட்டுப் பக்கத்து வாழைத்தாரைச் செங்கோட்டை வழியாகப் புளியரை ஏற்றம் ஏறிக் கேரளத்துக்குக் கொண்டுபோவது அவர் தொழில். தந்தை விட்டுச் சென்ற பழைய டீசல் பிக்கப் அது. ஏற்றத்தில் வண்டி இளைக்கிறது என்று ஒரு பட்டறையில் சொன்னார். அங்கே எரிபொருள் பம்பின் திருகை முறுக்கி, டீசல் மிகுதியாகப் பாயும்படி செய்து கொடுத்தார்கள். சில வாரங்கள் வண்டி பாய்ந்தது. பின்னால் கரும்புகையும் எழுந்தது. அந்தப் புகைதான் எரியாத கரி என்பதையும், தாம் விலை கொடுத்து வாங்கிய டீசலே அப்படிப் போகிறது என்பதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. காற்று கூடாமல் எண்ணெய் மட்டும் கூடினால் வேறென்ன நிகழும்? எரிதல் நீண்டு, வெளியேறும் வாயு அளவுக்கு மீறிச் சூடேறும். கோடை நாள் ஒன்றில் ஏற்றத்தின் நடுவில் ரேடியேட்டர் கொதித்து, எஞ்சினின் ஹெட் விரிசல் கண்டது. வண்டியை இழுத்து வந்து பழுது பார்க்கும் வரையில் தார்கள் கனிந்து வீணாயின. சரக்குக்கும் ஈடு கொடுத்து, எஞ்சினுக்கும் செலவிட அவர் வட்டிக்குப் பணம் வாங்க நேர்ந்தது.

பின்னர் அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவர் அந்த வண்டியைப் பொறுமையாகச் சோதித்தார். காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தது. டீசலைத் தூவ வேண்டிய நாசில்களில் இரண்டு சொட்டுச் சொட்டாக ஒழுகின. உப்புக் கிணற்று நீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரின் குழாய்களில் சுண்ணப் படிவு கட்டியிருந்தது. டயரும் உரிய அளவைவிடப் பெரியது. இவற்றை ஒவ்வொன்றாகச் செப்பம் செய்து, பம்பின் திருகையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். வண்டி இரண்டாம் கியரில் புளியரையை அமைதியாக ஏறியது. புதிதாக எந்த வலிமையும் சேர்க்கப்படவில்லை. ஆண்டுக் கணக்கில் கசிந்துபோன வலிமை திரும்பி வந்தது, அவ்வளவே. இவ்விளைஞருக்குத் தேவைப்பட்டது மீட்பே அன்றி மேம்பாடு அன்று.

ஆகவே முதற்படி, இழந்ததை மீட்டல். வடிகட்டி, நாசில், வால்வு இடைவெளி, எரிபொருள் பாயும் நேரம், சிலிண்டரின் அமுக்க அழுத்தம், ரேடியேட்டர் ஆகிய இவற்றை அளந்து பார்க்காமல் வேறு எதையும் தொடக் கூடாது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அமுக்கம் கசிகிற எஞ்சினில் எந்தப் புதுக் கருவியைப் பூட்டினாலும், அது ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரே.

இரண்டாம் படி, காற்றுக்கு வழிவிடுதல். எஞ்சின் அறையின் வெப்பத்திலிருந்து காற்றை எடுக்காமல், வெளியிலுள்ள குளிர்ந்த காற்றை எடுக்கும்படி குழாயை அமைப்பது மலிவான திருத்தம். 20 டிகிரி வெப்பமுள்ள காற்றைவிட 38 டிகிரி வெப்பமுள்ள காற்று ஏறத்தாழ 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. நம் சித்திரை வெயிலில் வண்டி சற்றுச் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம். உயரமும் அவ்வாறே. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு மலைப்பாதை ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தை எட்டும்போது காற்றின் அடர்த்தி சுமார் 9 விழுக்காடு குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சின் தன் வலிமையில் ஏறக்குறைய அந்தப் பங்கை மலையடிவாரத்திலேயே விட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறது. இது எஞ்சினின் குற்றம் அன்று, இயற்கையின் கணக்கு.

மூன்றாம் படி, அமுக்கத்தைக் கூட்டுதல். இது பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. அமுக்க விகிதம் உயர்ந்தால் அதே எரிபொருளிலிருந்து மிகுதியான உழைப்புக் கிடைக்கும். ஆயினும் ஆசை அளவோடு இருக்க வேண்டும். விகிதத்தை 6.5-இலிருந்து 8-க்கு உயர்த்தினால் கொள்கைப்படி கிடைப்பது 7 விழுக்காடே. மிகுதியாக அமுக்கினால் பெட்ரோல் கலவை தன் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இப்போது பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் அதனைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவற்றை மாற்றுவது வலிமைக்காக அன்று. தீ விபத்தைத் தவிர்ப்பதற்காக.

நான்காம் படி டர்போ. 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்பிரட் பூக்கி இதற்குக் காப்புரிமை பெற்றார். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. அப்படிப் போகும் வாயுவைக்கொண்டே ஒரு சுழலியைச் சுற்றி, அதனால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதே அவர் கண்ட வழி. மிக அருமையான வழிதான். ஆனால் அழுத்தும்போது காற்று சூடேறும்; அதனைக் குளிர்விக்க வேறொரு கருவி வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் உயர்வதால் பிஸ்டன், தாங்கிகள், ஹெட்டின் போல்ட்டுகள் யாவும் வலுவாக இருக்க வேண்டும். டர்போவின் தாங்கிக்குத் தூய எண்ணெய் இடைவிடாமல் பாய வேண்டும். தொழிற்சாலையில் டர்போவோடு பிறக்கும் எஞ்சினுக்கு இவையெல்லாம் முன்னரே அமைந்திருக்கும். டர்போ இல்லாமல் பிறந்து மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் இதனை ஒட்டவைப்பது, கிழவரின் தோளில் இளைஞனின் சுமையை ஏற்றுவது போன்றது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி.

வலிமையைக் கூட்டுவது மட்டுமே அறிவுடைமை ஆகாது என்பதற்கு நம் மாவட்டத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டவர். பின்னர் மதுரையில் பெரிய மோட்டார்த் தொழிலை வளர்த்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் வந்தது. வண்டிகள் நின்றுபோகும் நிலை. அவ்வேளையில் அவருடைய நிறுவனம் கரிவாயுக் கருவிகளைச் செய்து வழங்கியது. வண்டியோடு இணைத்த உருளை வடிவக் கலத்தில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரிப்பார்கள். அதிலிருந்து எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து, வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவார்கள்.

கரிவாயுவில் பெருமளவு எரியாத நைட்ரஜனும் கலந்திருக்கும். ஆகையால் பெட்ரோலில் ஓடும் எஞ்சினைக் கரிவாயுவுக்கு மாற்றினால், அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். வலிமை குறைந்த வண்டிதான்; மெதுவாகவே மேடு ஏறும். காலையில் கரியை மூட்டிக் காத்திருக்கவும் வேண்டும். வடிகட்டியை நாள்தோறும் சுத்தம் செய்யாவிடில் சாம்பல் உள்ளே புகுந்து சிலிண்டரைத் தேய்த்துவிடும். இருந்தும் மக்கள் ஊர் போய்ச் சேர்ந்தனர். ஏனெனில் அந்த நாளின் தேவை வேகம் அன்று. வண்டி ஓடுவதே தேவை. தேவையை முதலில் வரையறுத்து, அதற்கேற்ற மாற்றத்தைப் பிறகு தேடியதே அவர்களுடைய திறமை. டெல்மர் ரூஸ் சக்தியைக் கூட்டினார். கரிவாயு செய்தவர்கள் சக்தியை விட்டுக்கொடுத்தார்கள். இரு சாராரும் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

இனி, எஞ்சினோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டு பொருள்கள் உள்ளன. முதலாவது, பிரேக். மேலே ஏறிய வண்டி கீழே இறங்கியாக வேண்டும். 2,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. எஞ்சின் தடுக்கும்படி தாழ்ந்த கியரில் இறங்கினால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கு எஞ்சின் வழியே போய்விடும். அவ்வாறு இறங்காவிடில் அத்தனையும் பிரேக் டிரம்மிலேயே தேங்கும்; அது காய்ந்து சிவந்தால் பிடிமானம் போய்விடும். வேகத்தின் கணக்கும் இத்தகையதே. 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு வேண்டிய தூரத்தைப்போல் இரண்டேகால் மடங்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டும். ஆகவே எஞ்சினுக்கு ஒரு ரூபாய் ஒதுக்குமுன் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். பழைய வண்டியைப் புது வேகத்தில் ஓட்டினால், அதன் விலையைச் சாலையில் நடந்து போகும் பிறரும் கொடுக்க நேரிடும்.

இரண்டாவது, சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினையே மாற்றுவதாயின் பதிவு அதிகாரியின் இசைவு வேண்டும். சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்றும் புகைச் சான்றும் தேவை. சட்டத்துக்கு முரணான மாற்றம் செய்த வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் இடர் நேரலாம். பழுது நீக்குவதற்கும் தூய்மை செய்வதற்கும் உரிய உதிரிப்பாகத்தை மாற்றுவதற்கும் இத்தடை இல்லை. நான் மேலே கூறிய முதற்படி முழுவதும் சட்டத்துக்கு உட்பட்டதே.

மாணவர்களே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பழைய பிக்கப் வண்டி இருந்தால், நாளைக்கே நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது. தெரிந்த எடையோடு, தெரிந்த ஒரு மேட்டை எந்தக் கியரில் எத்தனை நொடியில் ஏறுகிறது. அப்போது புகையின் நிறம் யாது. ரேடியேட்டரின் வெப்பம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்து, மீண்டும் அளந்து எழுதுங்கள். இரண்டை ஒருங்கே செய்தால் எது பயன் தந்தது என்று தெரியாமல் போகும். பத்துப் பக்கம் நிரம்புமுன், அந்த எஞ்சினின் ஒடுங்கிய மடை எதுவென்று உங்களுக்கே புலப்படும். பிறகு பட்டறைக்குப் போகும்போது, "எதையாவது பூட்டுங்கள்" என்று கேட்க மாட்டீர்கள். "இதைச் சரிசெய்யுங்கள்" என்று சொல்வீர்கள்.